தேர் வராத மனு

கூட்டாளிகளே, நாம் நாலு பேர் கூடினால் ஆளுக்கொரு வீரப்பிரதாபத்தை அவிழ்த்து விடுவோம். உங்களில் ஒருவர் சண்டைக்கிடாயை ஒற்றைக் கையால் மடக்கினார். இன்னொருவர் பேயைப் பார்த்து அதற்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். என் பங்கு எப்போதும் ஒன்றுதான்: பன்னிரண்டு வயதில், வெறும் இங்கிலீஷ் சொற்களை வைத்து ஒரு வெள்ளைக்காரத் துரையை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்து, அவர் கையால் பென்சில் பரிசு வாங்கினேன். இதை உங்களுக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். பென்சிலை இடுப்பில் செருகிய இடத்தில் நிறுத்திவிடுவேன். நீங்களும் "பலே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் பேய்க்குப் போய்விடுவீர்கள்.

இன்றைக்குப் பென்சிலோடு நிறுத்தப் போவதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்த சமயம். ரயில் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு ராஜபாளையத்தில் புளி, தேங்காய் மொத்த வியாபாரம். ஊரைவிட்டுப் போன ஒரு பாதிரியாரின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. நல்ல தராசு ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போன அப்பா, ஓர் இங்கிலீஷ் அகராதியோடு திரும்பி வந்தார்.

"தராசு எங்க?" என்றாள் அம்மா.

"ரெண்டையும் தூக்கிப் பாத்தேன். இதுதான் கனமா இருந்துச்சு."

அகராதியின் முன்பகுதியைக் கறையான் முடித்திருந்தது. ஏ, பி இரண்டும் சுத்தமாக இல்லை. ஸி பாதி. ஆகவே என்னுடைய இங்கிலீஷ் மூன்றாம் எழுத்தின் நடுவில்தான் ஆரம்பித்தது. புளி மூட்டைகளுக்கு மேல் படுத்துக்கொண்டு அதைப் புரட்டுவேன். இன்றைக்கும் புளி வாசனை அடித்தால் எனக்கு வாயில் எச்சில் ஊறுவதில்லை, இங்கிலீஷ்தான் ஊறுகிறது.

சின்னச் சொற்களை நான் மதிக்கவே மாட்டேன். நாலு எழுத்துச் சொல் எதிரே வந்தால் தாண்டிப் போய்விடுவேன். எனக்கு வேண்டியவை வேறு. லாக்ரிமோஸ், கண்ணீர் சொட்டுகிற. லாங்கனிமிட்டி, எவ்வளவு அடித்தாலும் தாங்கிக்கொண்டு நிற்கிற நெடும் பொறுமை. எலிமாசினரி, தர்மம் சம்பந்தப்பட்ட. வெல்லெயிட்டி என்று ஒன்று: செய்ய வேண்டும் என்று லேசாக ஓர் ஆசை, ஆனால் எழுந்து போய்ச் செய்கிற அளவுக்கு இல்லை. இதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் கிடைக்கவில்லையே என்று ரொம்ப வருத்தப்பட்டேன். சொல் இல்லாவிட்டால் என்ன, ஆள் நான் இருந்தேனே.

படிப்பு ஸ்ரீவில்லிபுத்தூரில். மாமா வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போவேன்; சனி, ஞாயிறுக்கு யாராவது வண்டி கட்டினால் தொற்றிக்கொண்டு ராஜபாளையம் வருவேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது ஒரு விளையாட்டு இருந்தது. பெயர் சேவல் விடுதல். நிஜச் சேவல் இல்லை, சொல்தான் சேவல். மத்தியானம் புங்க மரத்தடியில் இரண்டு பேர் எதிரெதிரே குந்தவேண்டும். ஒருவன் ஒரு சொல்லை அவிழ்த்து விடுவான். மற்றவன் பொருள் சொன்னால் சேவல் செத்தது. சொல்லாவிட்டால், தோற்றவன் ஜெயித்தவனுடைய சிலேட்டையும் புத்தகத்தையும் வீடு வரைக்கும் சுமக்க வேண்டும். பொருள் தெரிந்தால் போதும். அந்தச் சொல்லை எங்கே வைப்பது, யாரிடம் பேசுவது என்று ஒருவனும் கேட்டது கிடையாது. கேட்டிருந்தால் பாதிச் சேவல் அன்றே குழம்பாகியிருக்கும்.

என்னுடைய சாகாத சேவல் டெர்கிவர்சேஷன். முதுகைத் திருப்பிக்கொண்டு, உண்மைக்கு முகம் கொடுக்காமல் நழுவுவது என்று பொருள். கறுப்புச் சேவல் மாதிரி கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். ஒரு வருஷம் நான் சிலேட்டே சுமக்கவில்லை.

அந்த வருஷம் ஆடிப்பூரத் தேருக்கு மாமா என்னைத் தனியே அனுப்பினார். ஆடிக் காற்றில் மண் வாரி அடிக்கிறது. எங்கே பார்த்தாலும் வேட்டி, துண்டு, முதுகு. தேரின் உச்சிதான் எனக்குத் தெரிகிறது, கீழே ஒன்றும் தெரியவில்லை. அப்போது ஒரு கை என் அக்குளில் நுழைந்து என்னை மேலே தூக்கியது.

"ஏலே, புளிக்கடைத் தம்பிதானே? கீழ நின்னா நசுங்கிப் போவ. இங்கிட்டு ஏறிக்க."

கூமாப்பட்டிக்காரரின் மகன். கூமாப்பட்டிக்காரர் என்பவர் அப்பாவின் கடைக்குத் தேங்காயும் புளியும் கொண்டுவரும் சம்சாரி, அதாவது உழவர். மலையடிவாரத்தில் நாலு தென்னை, கொஞ்சம் நஞ்சை. மகனுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். என்னைத் தோளில் வைத்துக்கொண்டே அவன் வடத்தைப் பிடித்தான். வடத்தின் நார் வாசனை, அவன் கழுத்து வேர்வை, சக்கரம் நெரிகிற சத்தம். தேர் ஒரு முழம் நகர்ந்தபோது அவன் உடம்பு முழுக்க ஓர் உதறல் ஓடியது. அது என் தொடைக்கும் வந்தது. நானே இழுத்ததுபோல் இருந்தது. உச்சிப்பொழுது தாண்டும் வரைக்கும் என்னை இறக்கவில்லை. பிறகு பானகம் வாங்கிக் கொடுத்து மாமா வீட்டு முக்கில் விட்டுப் போனான்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூமாப்பட்டிக்காரர் மூட்டை இல்லாத வெறும் வண்டியோடு ராஜபாளையம் கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, எம் மவனப் பிடிச்சிட்டுப் போய்ட்டாவ."

"என்னய்யா சொல்லுத? யாரு?"

"காட்டுக் காவல்காரவ. பிளவக்கல்லுக்கு மேல ரிசர்வுக் காட்டுல தேக்கு ஒண்ணு வெட்டிக் கெடந்துச்சாம். பக்கத்துல எங்க வீட்டுக் கோடாலி. அத ஒருத்தன் இரவல் வாங்கிட்டுப் போனான் அண்ணாச்சி. இப்ப அவன் ஊர்லயே இல்ல. கோடாலி யாருதோ அவன்தான் வெட்டுனான்னு இவனக் கொண்டுபோய் வில்லிபுத்தூர் ஜெயில்ல வச்சிருக்காவ."

"என்னைக்கு வெட்டுனதாச் சொல்லுதாவ?"

"அதத்தான் சொல்ல வாரேன். பூரத்தன்னைக்கு மத்தியானமாம். பூரத்தன்னைக்கு அவன் தேர்ல வடம் பிடிச்சாம்லா! ஊர்க்காரவ நாலஞ்சு பேரு கூடப் போனாவ. இப்ப கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்காவ. சாட்சி சொன்னா அவிய பேரையும் காவல்காரர் எழுதிக்கிடுவாராம்." அவர் என்னைப் பார்த்தார். "இந்தா, நம்ம தம்பி பாத்திருக்கே! தோள்ல வச்சிருந்தேன்னு அவன் வந்து சொன்னானே."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். என்னையே நேரே கூட்டிக்கொண்டு போய்ச் சொல்ல வைக்கலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. வாய்ச்சொல் வாசலோடு சரி, காகிதம்தான் உள்ளே போகும். அதுதான் எல்லோருடைய எண்ணம்.

"சப் கலெக்டர் துரை வார வாரம் வில்லிபுத்தூர்ல கேம்ப் போடுதாரு. மனு குடுத்துருவோம்" என்றார் அப்பா.

"கச்சேரி மரத்தடியில எழுதுதாரே, அவருட்ட..."

"அவரு எழுதுத மனுவெல்லாம் ஒரே அச்சுய்யா. தொரை தலைப்பப் பாத்தே கட்டித் தூரப் போட்டுருவாரு. நம்ம வீட்டுலயே இங்கிலீசு கெடக்கு, வெளிய எதுக்குப் போணும்? இவன் பேசுனா எங்களுக்குப் பாதி புரியாது. பாதின்னா, ஒண்ணுமே புரியாது!"

கூமாப்பட்டிக்காரர் என் முன்னால் குத்தவைத்தார். பெரியவர், என் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்தார்.

"தம்பி, ரெண்டே விசயந்தான். கோடாலிய இரவல் குடுத்தோம். அன்னைக்கு அவன் தேர்ல நின்னான். ஒன்னயத் தோள்ல வச்சிருந்தான், அதையும் போட்டுரு. அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான். இரண்டு வரி. அதை வைத்துக்கொண்டு நான் இரண்டு நாள் மல்லாடி, முழுத்தாளில் இரண்டு பக்கம் எழுதினேன்.

முதல் வரியிலேயே லாக்ரிமோஸை இறக்கினேன். துரையின் கருணையை எலிமாசினரி என்றேன். தகப்பனின் பொறுமைக்கு லாங்கனிமிட்டி. காவல்காரர் பொய் சொல்கிறார் என்பதற்கு, என் கறுப்புச் சேவலைப் பெரிய எழுத்தில் பக்கத்தின் நடுவில் நிறுத்தினேன். வரிக்கு வரி சேவல்.

தேர் வருகிற இடம் வந்தது. வடத்துக்கு அகராதியில் கிடைத்தது நாலு எழுத்து. வண்டிக்காரன் மாட்டைக் கட்டுகிற அதே கயிறு. என் சேவல்களுக்கு நடுவே ஒரு கோழிக்குஞ்சு. தேர் என்கிற சொல் கறையான் தின்ற பாதியில் இருந்தது. கோடாலியும் அப்படியே. கறையான் மேல் பழி போடவில்லை, கேளுங்கள். வாத்தியாரைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். கேட்டால், எனக்குத் தெரியாத சொல்லும் உண்டு என்று வகுப்புக்குத் தெரிந்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு சம்சாரி மகனின் தோளில் வேர்வை நாற்றத்தோடு உட்கார்ந்திருந்தேன் என்று துரைக்கு எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை பெரிய இங்கிலீஷ் எழுதுகிறவன் அப்படியா உட்காருவான்?

பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று கோடாலி, தேர், தோள் மூன்றையும் தாண்டிப் போனேன். காகிதம் தீர்ந்துவிட்டது.

மறு ஞாயிறு கடை வாசலில் வாசித்தேன். எங்கள் பக்கத்தில் மனுவைக் கொடுக்கும் முன் நாலு பேர் நடுவே வாசிப்பது வழக்கம். யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. மேளம் கேட்கிற மாதிரி கேட்பார்கள். முழக்கம் சரியாக இருந்தால் மனு சரி. வண்டிக்காரர்கள் மூட்டையை இறக்கிவிட்டு நின்றார்கள். பக்கத்துப் பஞ்சுக்கடைக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, "பலே அப்பாயி, பலே தம்பி! இது கேட்டு துரை எந்திரிச்சு நிப்பாரு" என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கூமாப்பட்டிக்காரர் மட்டும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"தம்பி, தேர் வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"எந்த எடத்துல?"

"நடுவுல."

சொல்லிவிட்டு நான் தண்ணீர் குடித்தேன். வாசித்த தாகம் என்று எல்லோரும் நினைத்தார்கள். கூமாப்பட்டிக்காரர் நகல் ஒன்று எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். அதைச் சுருட்டி ஒரு மூங்கில் குழாயில் போட்டுத் துணியால் அடைத்துக்கொண்டார். நகல் எழுதும்போதாவது திருத்தியிருக்கலாம். இரண்டாவது தடவையும் தாண்டிப் போனேன்.

துரையின் கூடாரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே ஒரு மாந்தோப்பில். ஒரு வெள்ளை நாய், நம்ம ராஜபாளையம் நாய், கூடார நிழலில் படுத்திருந்தது. அப்பா, நான், கூமாப்பட்டிக்காரர் மூவரும் வரிசையில் நின்றோம். எங்கள் மனு போனது. துரை முதல் வரியைப் படித்தார். நிமிர்ந்தார். மறுபடி படித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், நாய் எழுந்துவிட்டது. உள்ளேயிருந்து இன்னொரு வெள்ளைக்காரரைக் கூப்பிட்டு உரக்க வாசித்துக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். எழுதியது யார் என்று கேட்டார். அப்பா என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார்.

துரை ஒவ்வொரு சொல்லாகச் சுட்டி, பொருள் கேட்டார். நான் சொன்னேன். புங்க மரத்தடியில் சொல்வதுபோல, கண்ணை மூடிக்கொண்டு, ஒன்று விடாமல். டெர்கிவர்சேஷனுக்கு அவர் மேஜையைத் தட்டினார். தன் மேஜையிலிருந்து சீவாத சிவப்புப் பென்சில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

இதுவரைக்கும்தான் உங்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு, சிரித்துச் சிவந்த முகத்தோடு துரை தம் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தாரிடம் ஏதோ கேட்டார். சிரஸ்தார், நம்ம ஊர்க்காரர், கூமாப்பட்டிக்காரரிடம் திரும்பினார்.

"இன்னும் ஏதாச்சும் சொல்லணுமாய்யா? சொல்லுததா இருந்தா இப்பச் சொல்லிரும்."

கூமாப்பட்டிக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டபடி நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். துரை சிரித்துவிட்டாரே, பரிசு கொடுத்துவிட்டாரே, வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார்.

"எல்லாம் அதுல இருக்குங்க சாமி" என்றார்.

நான் இரண்டு முழத் தூரத்தில் நின்றேன். கையில் பென்சில். நாக்கில் இங்கிலீஷும் இருந்தது, தமிழும் இருந்தது. அன்றைக்கு அவன் தோளில் இருந்தேன் என்று சொல்ல எந்த அகராதியும் வேண்டாம். சொன்னால், மனுவில் அது ஏன் இல்லை என்று அப்பா கேட்பார். கூமாப்பட்டிக்காரர் கேட்பார். நான் பென்சிலை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பத்து நாளில் மனு திரும்பி வந்தது. முதுகில் துரையின் கையெழுத்து. நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். இங்கிலீஷில் நாலே சொல். மனுவில் காரணம் எதுவும் காட்டப்படவில்லை, ஆகவே தள்ளுபடி என்பது பொருள். நாலும் கறையான் படாத பக்கங்களில் இருந்த சொற்கள். நான் ஒரு நாளும் நின்று பார்க்காதவை.

"என்ன தம்பி போட்டிருக்கு?"

"தொரை முடியாதுன்னுட்டாரு."

"ஏனாம்?"

"அது போடல."

அப்பா துரையைத் திட்டினார். "இம்புட்டு நல்ல மனுவையே தள்ளிட்டாம்னா, இவன் என்ன துரை!" பஞ்சுக்கடைக்காரரும் சேர்ந்து திட்டினார். கூமாப்பட்டிக்காரர் யாரையும் திட்டவில்லை. என் தலையைத் தடவி, "நீ என்ன செய்வ தம்பி, நல்லாத்தான எழுதுன" என்றார். அடுத்த தடவை வந்தபோது எனக்கென்று ஒரு சின்னச் சட்டியில் மலைத்தேன் கொண்டுவந்து வைத்தார். அம்மா தினம் ஒரு கரண்டி கொடுத்தாள். சட்டி சீக்கிரம் தீராதா என்று இருந்தது.

மகனுக்கு ஒரு வருஷம். பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். விடுதலையான அன்று தகப்பன் வண்டியோடு போய் வாசலில் நின்றார். முந்தின நாளே விட்டுவிட்டார்களாம். கள்ளமரம் வெட்டினவன் என்கிற பெயரோடு ஊருக்கு வரமாட்டேன் என்று கூட இருந்தவனிடம் சொல்லிவிட்டு, தூத்துக்குடிக்கு நடந்து கொழும்புக் கப்பல் ஏறிவிட்டான். பிறகு ஒரு தகவலும் இல்லை.

நான் சேவல் விடுவதை நிறுத்தினேன். பையன்கள், தோற்றுவிடுவேன் என்று பயப்படுகிறேன் என்றார்கள். பென்சிலைச் சீவவே இல்லை. முதலில் பெருமையால், பிறகு வேறு காரணத்தால். அகராதியின் மிச்சத்தை மறு மழைக்காலத்தில் கறையான் வந்து முடித்தது. நான் வெயிலில் வைக்கவில்லை.

காலேஜ் படிக்கும்போது ஒரு விடுமுறையில் அப்பா ஏதோ காரியமாக என்னைக் கூமாப்பட்டிக்கு அனுப்பினார். அப்போது எனக்கு வயது இருபது. என்னைத் தோளில் தூக்கியவனுக்குத் தேரன்று இருந்த வயது. கூமாப்பட்டிக்காரர் இளைத்திருந்தார். கோடாலியைச் சர்க்கார் திருப்பித் தரவில்லையாம். அரிவாளை வைத்தே விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உள்ளே போய் மூங்கில் குழாயோடு வந்தார்.

"காலேசுல படிக்கீகளாமே. இப்ப இன்னும் நல்லா வாசிப்பீக. ஒருக்கா வாசிங்க தம்பி."

தென்னை மரத்தடியில் உட்கார்ந்து வாசித்தேன். காலேஜில் படித்தவன் காதுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். லாக்ரிமோஸ். எலிமாசினரி. அந்தத் துரை சிரித்தது நியாயம்தான் என்று தெரிந்தது. இரண்டு பக்கத்திலும் ஒரு மனிதன்கூட இல்லை. பெரியவர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். முடிந்ததும் காகிதத்தை வாங்கி மடியில் விரித்தார்.

"சர்க்காரு ஒத்துக்கிட்டா என்ன, ஒத்துக்காட்டா என்ன. எம் மவன் அன்னைக்கு ஆண்டாள் தேர இழுத்தான்னு எழுத்துல இருக்குல்லா. ஒரு நா கொழும்புலருந்து வருவான். ஏலே, பாருடா, ஒன் பேரு கெட்டுப் போகலடான்னு காட்டுவேன்." காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். "தம்பி, தேர் எந்த எடத்துல இருக்கு? அன்னைக்கு நடுவுலன்னு சொன்னீக."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு லேசாக ஓர் ஆசை வந்தது.

அவரே விரலை வைத்துத் தேட ஆரம்பித்துவிட்டார். நகம் பிளந்த அந்த விரல் நடுவரியில் ஊர்ந்து, எல்லாவற்றிலும் பெரிதாக எழுதியிருந்த ஒரு சொல்லில் போய் நின்றது. டெர்கிவர்சேஷன்.

"இந்தா, நீளமாக் கெடக்கே. இதுதான் வடமா?"

"ஆமா" என்றேன்.

அவர் அந்தச் சொல்லைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். காகிதத்தைச் சுருட்டிக் குழாயில் போட்டுத் துணியால் அடைத்தார். "செத்த நேரம் இருங்க தம்பி, எளநி வெட்டிட்டு வாரேன்" என்று அரிவாளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

நான் இருந்தேன். இளநீரையும் குடித்தேன்.